ஹாங்காங் 1897: சூதாட்ட வீட்டு மாமூலும் போலீஸும் – பழைய தாள்களில் துப்புத் துலக்க விரும்புபவர்களுக்கு

ஒரு காலனி நகரத்துப் போலீஸ் மாமூல் வாங்கியது என்று எழுத எந்த ஆராய்ச்சியும் தேவையில்லை, யாரும் மறுக்கப் போவதில்லை. யார் கொடுத்தார்கள், எந்தக் கை வழியாகப் போனது, மேலே இருந்தவர்கள் ஏன் இத்தனை வருடம் கண்டுகொள்ளவில்லை என்பதைத் தாள் வைத்துக் காட்டுவதுதான் வேலை. காலனி வரலாற்றில் ஆர்வம் வந்து, ஆவணக் காப்பகம் பக்கம் இதுவரை போகாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்கொண்ட ஊர் ஹாங்காங், வருடம் 1897. காரணம் எளிது: இந்த ஊழலில் லஞ்சம் கொடுத்தவர்களின் கணக்குப் புத்தகமே சோதனையில் சிக்கியது, அதோடு இந்தக் கால ஆவணங்களில் கணிசமான பகுதியை வீட்டிலிருந்தே காசில்லாமல் படிக்கலாம்.

ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கீழே வருவதெல்லாம் இதைச் சுற்றித்தான் ஓடும். போலீஸ் ரெய்டு நடத்திய இடங்களைப் பற்றித்தான் தாள் குவிந்து கிடக்கும். மாமூல் சரியாகப் போய்ச் சேர்ந்த வீட்டில் ரெய்டே நடந்திருக்காது, ஆகவே அதைப் பற்றித் தாளும் இருக்காது. நீங்கள் தேடப் போவது இரண்டாவது வகை வீட்டை. அதனால் ஆவணத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதோடு, இருக்க வேண்டியது எங்கே இல்லை என்றும் பார்த்துப் பழகுங்கள்.

முதலில் கதையின் எலும்புக்கூடு

காப்பகத்துக்குள் நுழையும் முன் சட்டத்தின் வரலாற்றை ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷார் ஹாங்காங் தீவைப் பிடித்தது 1841ல். 1844லேயே பொதுச் சூதாட்டத்தைத் தடைசெய்து சட்டம் போட்டார்கள். தடை வந்ததும் ஆட்டம் கதவுக்குப் பின்னால் போனது, கதவைத் திறக்காமல் இருப்பதற்குப் போலீஸுக்கு விலை வந்தது.

1866ல் ஆளுநராக வந்த ரிச்சர்ட் கிரேவ்ஸ் மக்டொனல் இதைப் பார்த்துவிட்டு, தடையை வைத்துக்கொண்டு போலீஸைத் திருத்த முடியாது என்று முடிவு செய்தார். 1867ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். அதன் பெயரில் சூதாட்டம் என்ற சொல்லே இல்லை, ஒழுங்கையும் தூய்மையையும் காப்பதற்கான சட்டம் என்று பெயர். அதன் கீழ் சூதாட்ட வீடுகளுக்கு உரிமம் கொடுத்து அரசே பணம் வாங்கியது. தலைமை நீதிபதி ஜான் ஸ்மேல் எதிர்த்தார், மிஷனரிகள் எதிர்த்தார்கள், லண்டனில் காலனி அலுவலகம் இந்தப் பணத்தைப் பொதுக் கஜானாவில் கலக்கக் கூடாது என்று முகம் சுளித்தது. பணம் தனி நிதியாகக் குவிந்தது. துங் வா மருத்துவமனைக்குப் பெரிய மானியம் போனது அந்த நிதியிலிருந்துதான் (சூதாட்டக் காசில் மருத்துவமனை என்பது அன்றைக்கே பலருக்கு உறுத்தியது). 1870களின் தொடக்கத்தில் உரிமமுறை முடிவுக்கு வந்தது, மறுபடியும் தடை. 1891ல் புதிய சூதாட்டச் சட்டம். 1897ல் போலீஸ் தலைவர் பிரான்சிஸ் ஹென்றி மே நடத்திய சோதனை. 1898ல் லஞ்சத்துக்கு எதிராகத் தண்டனையைக் கடுமையாக்கிய ஒரு சட்டம்.

இந்தப் பட்டியலை ஏன் முதலில் எழுதச் சொல்கிறேன் என்றால், ஒவ்வொரு தேதியிலும் மாமூலின் விலை மாறியிருக்கும். உரிமம் இருந்த வருடங்களில், உரிமம் வாங்கிய ஆள் உரிமம் இல்லாத போட்டியாளரைப் பிடித்துக் கொடுக்கப் போலீஸுக்குக் காசு கொடுக்கலாம். தடை இருக்கும்போது தன்னைப் பிடிக்காமல் இருக்கக் கொடுப்பான். இரண்டுக்கும் பெயர் லஞ்சம்தான், ஆனால் ஆவணத்தில் தெரியும் தடயம் நேர் எதிர்: ஒன்றில் ரெய்டு கூடும், மற்றதில் குறையும்.

அடுத்து, ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளுங்கள்

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தவிர்ப்பது இதைத்தான். சூதாட்டம் என்று பொதுவாக எழுதிவிட்டுப் போலீஸ் பக்கம் ஓடிவிடுகிறார்கள். எந்த ஆட்டம் என்று தெரியாமல் யாருக்கு லஞ்சம் போயிருக்கும் என்று சொல்லவே முடியாது.

ஃபான்-டான் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேசையில் ஒரு குவியல் காசு அல்லது பொத்தான், அதில் ஒரு பகுதியைக் கிண்ணத்தால் மூடுவார்கள். எல்லோரும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்ற எண்களில் பந்தயம் கட்டியபின் கிண்ணத்தை எடுத்துவிட்டு, மெல்லிய குச்சியால் நான்கு நான்காகக் காசுகளை ஒதுக்கிக்கொண்டே வருவார்கள். கடைசியில் மிஞ்சுவது எத்தனையோ அந்த எண் ஜெயித்தது. இதற்கு மேசை வேண்டும், இடம் வேண்டும், சுற்றிலும் ஆட்கள் நிற்பார்கள், சத்தம் வரும், ராத்திரி முழுக்க ஆட்கள் வந்து போவார்கள். தெருவில் ரோந்து போகும் கான்ஸ்டபிள் இதைக் கவனிக்காமல் இருக்க வாய்ப்பே இல்லை. ஆகவே ரோந்துக்காரனில் ஆரம்பித்து அந்தப் பகுதி சார்ஜென்ட், இன்ஸ்பெக்டர் வரை எல்லோருக்கும் ஒழுங்காகப் பணம் போனால்தான் வீடு நடக்கும். ஒருவரை விட்டாலும் கதை முடிந்தது. இப்படிப்பட்ட தொழிலில்தான் கணக்குப் புத்தகம் தேவைப்படுகிறது, 1897ல் அது கிடைத்ததில் ஆச்சரியம் இல்லை என்பேன்.

ட்ஸ்-ஃபா என்ற லாட்டரிச் சீட்டு வேறு மாதிரி. 36 உருவங்களில் ஒன்றைத் தேர்ந்து காசு கட்ட வேண்டும், விழுந்தால் சுமார் முப்பது மடங்கு. வீடு தேவையில்லை. வசூல்காரர்கள் கடை கடையாக, வீடு வீடாகப் போய்ச் சில்லறை வாங்கி வருவார்கள். வேலைக்காரிகளும் கூலிக்காரர்களும் ஆடிய ஆட்டம். இதில் ரோந்துக்காரன் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, வலையமைப்பைத் தெரிந்துவைத்திருக்கும் துப்பறிவாளன்தான் ஆபத்து. பணமும் அவன் பக்கம் போக வாய்ப்பு அதிகம். இது என் ஊகம், ஆனால் ஆவணத்தைப் படிக்கும்போது சோதித்துப் பார்க்கக்கூடிய ஊகம்.

மக்காவையும் மறக்காதீர்கள். படகில் சில மணிநேரத் தூரத்தில், போர்ச்சுக்கீசியர் ஆட்சியில் ஃபான்-டான் சட்டப்படியே நடந்துகொண்டிருந்தது. அங்கே போக வசதி உள்ளவன் போய்விடுவான், போக முடியாதவனுக்குத்தான் ஹாங்காங்கின் மூடிய கதவு.

சம்பளப் பட்டியலில் இருந்து தொடங்குங்கள், குற்றத்தில் இருந்து அல்ல

சரி, இனி ஆவணங்கள். ஹாங்காங் பல்கலைக்கழக நூலகம் பழைய அரசு வெளியீடுகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது: அரசு கெஜட், சட்டசபையில் வைக்கப்பட்ட அறிக்கைகள், சட்டசபை விவாதங்கள், நீலப் புத்தகங்கள், துறைகளின் ஆண்டறிக்கைகள். முதலில் திறக்க வேண்டியது நீலப் புத்தகம். காலனி அரசு ஒவ்வொரு வருடமும் தன் ஊழியர், பதவி, சம்பளம் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி லண்டனுக்கு அனுப்பிய புத்தகம் அது. படிக்கச் சலிப்பாக இருக்கும், ஆனால் அதை விட்டால் வேறு வழியில்லை.

அதிலிருந்து 1897க்கு முன்னும் பின்னும் சில வருடங்களுக்குப் போலீஸ் பக்கங்களை மட்டும் எடுத்து ஒரு விரிதாளில் ஏற்றுங்கள். ஐரோப்பியர், இந்தியர், சீனர் என்று படை மூன்றாகப் பிரிந்திருப்பதும் ஒரே வேலைக்கு மூன்று சம்பளம் இருப்பதும் உடனே தெரியும். இந்தியர் என்றால் பெரும்பாலும் பஞ்சாபிகள், சீக்கியரைக் கொண்டுவருவது 1867ல் தொடங்கியது. பெயரோடு வருபவர்கள் பெரும்பாலும் அதிகாரிகள், கான்ஸ்டபிள்கள் எண்ணிக்கையாக மட்டுமே வருவார்கள். சீனக் கான்ஸ்டபிளின் சம்பளம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு, அதன் பக்கத்தில் ஐரோப்பிய இன்ஸ்பெக்டரின் சம்பளத்தை வையுங்கள்.

சம்பளத்தைப் பற்றி இன்னொன்று. இந்த ஊரில் பணம் வெள்ளி டாலர். 1870களின் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு நான்கு ஷில்லிங்குக்கு மேல் கிடைத்தது, 1890களின் கடைசியில் வெள்ளி விலை சரிந்து இரண்டு ஷில்லிங் அளவுக்கு வந்துவிட்டது. இங்கிலாந்தில் குடும்பம் வைத்திருந்த ஐரோப்பியப் போலீஸ்காரனுக்கு, சம்பளம் தாளில் அப்படியே இருக்க, வீட்டுக்கு அனுப்பும் தொகை பாதியாகிவிட்டது என்று அர்த்தம். இதை வைத்து லஞ்சத்தை நியாயப்படுத்த வேண்டாம், சீனக் கான்ஸ்டபிளுக்கு அந்தப் பாதிகூட இல்லை. ஆனால் ஏன் அந்தப் பத்தாண்டில் என்ற கேள்விக்கு இது ஒரு துண்டு பதில்.

போலீஸ் ஆண்டறிக்கையில் இரண்டு இடங்கள்

போலீஸ் தலைவரின் ஆண்டறிக்கை சில பக்கங்கள்தான். அதில் இரண்டு இடங்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படியுங்கள்.

ஒன்று, சூதாட்டம் என்ற தலைப்பின் கீழ் வரும் சின்னப் பத்தி. எத்தனை வாரண்ட் நிறைவேற்றப்பட்டது, அதில் எத்தனையில் தண்டனை கிடைத்தது என்று இருக்கும். இதை வருடவாரியாக எழுதுங்கள். வாரண்ட் நிறைய, தண்டனை குறைவு என்றால் போலீஸ் போய்ச் சேர்வதற்குள் மேசை காலியாகிவிட்டது, அதாவது தகவல் முன்னாலேயே போயிருக்கலாம். வாரண்டே குறைந்து கொண்டு வந்தால் இரண்டு வாய்ப்பு: சூதாட்டம் குறைந்தது, அல்லது மாமூல் நன்றாக ஓடியது. அந்த வருட அறிக்கையை எழுதியவர் முதலாவதைத்தான் சொல்வார், அவருடைய வேலை அது. ஒரே வருடத்தில் வாரண்ட் எகிறினால் புதுத் தலைவர் வந்தாரா, யாராவது கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவில்லையா, ஆளுநர் மாறினாரா என்று பாருங்கள். மே போலீஸ் தலைவராக வந்தது 1893ல், சோதனை 1897ல். இடையில் நான்கு வருடம் இருக்கிறது. அந்த நான்கு வருட அறிக்கைகளில் சூதாட்டத்தைப் பற்றி அவரே என்ன எழுதினார் என்று ஒப்பிடுவது ஒரு நல்ல முதல் கட்டுரைக்குப் போதும். மே பிற்பாடு அதே காலனிக்கு ஆளுநராகவும் ஆனார், 1912ல். இந்த ஊழலைப் பிடித்தவர் என்ற பெயர் அவருக்குக் கெடுதல் செய்யவில்லை என்பதையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

இரண்டாவது, படையின் நடத்தை பற்றிய பத்தி. ஐரோப்பியர் மீது இத்தனை புகார், இந்தியர் மீது இத்தனை, சீனர் மீது இத்தனை, அதில் குடிபோதை இத்தனை என்று வரும். குடித்தவனை எண்ணியிருக்கிறார்கள். பணம் வாங்கியவனை எண்ணியிருக்கிறார்களா? ஊழல் வெளிவருவதற்கு முந்தைய வருடங்களின் நடத்தைப் பத்தியைப் படித்துவிட்டு 1897ன் அறிக்கைக்கு வாருங்கள். படையைப் பற்றி அரசு தனக்குத் தானே சொல்லிக்கொண்ட கதை எவ்வளவு தூரம் உண்மைக்கு விலகியிருந்தது என்று புரியும்.

வா லேன் கணக்குப் புத்தகம்

1897 ஜூனில், ஷியுங் வான் பகுதியில் வா லேன் என்ற சந்தில் இருந்த சூதாட்ட வீட்டில் சோதனை நடந்தது. அங்கே கிடைத்த குறிப்பேடுகளில் போலீஸ்காரர்களுக்குக் கொடுத்த தொகைகள் எழுதப்பட்டிருந்தன. ஐரோப்பியர், இந்தியர், சீனர் என்று மூன்று பிரிவிலும் ஆட்கள் சிக்கினார்கள். ஐரோப்பிய இன்ஸ்பெக்டர் ஒருவர் சிறைக்குப் போனார், ஏராளமானவர்கள் வேலையிழந்தார்கள். ஆளுநர் வில்லியம் ராபின்சன் லண்டனுக்கு விளக்கம் எழுத வேண்டி வந்தது.

இப்படி ஒரு கணக்குப் புத்தகம் கிடைத்தால் வரலாறு எழுதுபவனுக்குக் கை பரபரக்கும். நிதானமாக இருங்கள். ஒரு பதிவைப் பார்த்ததும் நீங்கள் கேட்க வேண்டியவை சில உண்டு. இதை எழுதியது யார்? வீட்டு முதலாளியா, அவருக்காகப் பணம் கொண்டுபோன ஆளா? கொண்டுபோன ஆள் எழுதியது என்றால், முதலாளியிடம் பத்து டாலர் வாங்கி ஐந்தைக் கொடுத்துவிட்டுப் பத்து என்று எழுதியிருக்கலாம், கொடுக்காமலே கொடுத்ததாகவும் எழுதியிருக்கலாம். கணக்கு என்பது பணம் ஒருவன் கையை விட்டுப் போனதற்கான சாட்சி மட்டும்தான், இன்னொருவன் கைக்கு வந்ததற்கு வேறு சாட்சி வேண்டும். அன்றைய நீதிமன்றத்துக்கும் இதே தலைவலி இருந்திருக்கும். நீதிமன்றம் வரை போனவர்கள் சிலர், மற்றவர்கள் துறை நடவடிக்கையோடு போய்விட்டார்கள் என்பதை இதோடு சேர்த்து யோசியுங்கள்.

அடுத்து தேதி. சீனக் கணக்குகள் சந்திர மாதத்தில், பேரரசரின் ஆட்சி ஆண்டில் இருக்கும். குவாங்ஷு 23ஆம் ஆண்டு என்றால் நம் கணக்கில் 1897, ஆனால் அது ஜனவரி முதல் தேதியில் தொடங்காது. வருடக் கடைசியிலும் தொடக்கத்திலும் வரும் பதிவுகளை மாற்றும்போது ஒரு முறைக்கு இரண்டு முறை சரிபாருங்கள், சீனப் புத்தாண்டுக்கு முன் கொடுத்த பணம் மாதாந்திர மாமூலா, விசேஷ இனாமா என்ற கேள்வி அங்கேதான் வரும். எண்களும் வியாபாரிகள் கணக்கெழுதப் பயன்படுத்திய தனிக் குறிகளில் இருக்கலாம். உங்களுக்குக் கிடைக்கப் போவது பெரும்பாலும் ஆங்கில மொழிபெயர்ப்புதான், அதைச் செய்தது யார் என்று கவனியுங்கள். அரசு மொழிபெயர்ப்பாளர் என்றால் அவரும் அதே அரசின், அதே ஊரின் ஆள்.

லண்டனுக்குப் போன கடிதங்கள்

ஆளுநருக்கும் காலனி அலுவலகத்துக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து சி.ஓ. 129 (சி.ஓ. என்றால் காலனி அலுவலகம்) என்ற வரிசையில் இருக்கிறது. மூலம் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், ஹாங்காங் அரசு ஆவணக் காப்பகத்தில் மைக்ரோஃபிலிம் பிரதி உண்டு. தேதி வரிசையில் தொகுதிகள் கட்டப்பட்டிருக்கும். 1897 ஜூனில் தொடங்கி அடுத்த வருடம் வரை வரிசையாகப் புரட்ட வேண்டியதுதான்.

படிக்கும் முறை ஒன்று சொல்கிறேன். ஆளுநரின் கடிதத்தை முதலில் படிக்காதீர்கள். கடைசியில் இணைத்திருக்கும் தாள்களை முதலில் படியுங்கள்: போலீஸ் தலைவரின் அறிக்கை, சாட்சிகளின் வாக்குமூலம், மனுக்கள். பிறகு ஆளுநரின் கடிதம். அவர் எதைச் சுருக்கினார், எதை விட்டார் என்பது அப்போதுதான் கண்ணில் படும். அதற்குப் பிறகு லண்டன் குமாஸ்தாக்களும் அதிகாரிகளும் உறையின் மேலேயும் தனித்தாளிலும் கிறுக்கிய குறிப்புகள். கையெழுத்துக்குப் பதில் முதலெழுத்துகள், படிக்கக் கஷ்டமான பேனா, ஆனால் மனம் திறந்து பேசுவது அங்கேதான். ஆளுநருக்கு மரியாதையாகப் பதில் போயிருக்கும், குறிப்பில் அவரை நம்பவில்லை என்று எழுதியிருப்பார்கள். இந்த மூன்றையும் ஒன்றன் பக்கத்தில் ஒன்று வைத்துப் படிப்பதில் கிடைக்கும் சுகம், உண்மையைச் சொன்னால், இந்த வேலையில் வேறெதிலும் கிடைக்காது.

இங்கே ஒரு வளைவு இருக்கிறது, கவனம். வேலை போன ஐரோப்பியர் ஓய்வூதியம் கேட்டு மனுப்போடுவார், வழக்கறிஞரை வைப்பார், லண்டனில் சொந்தக்காரர் மூலம் அழுத்தம் கொடுப்பார். ஒவ்வொன்றும் ஒரு தாள். வேலை போன சீனக் கான்ஸ்டபிளோ, பஞ்சாபில் இருந்து வந்தவரோ பெரும்பாலும் ஒரே வரியில் மறைந்துபோவார். தாளின் கனத்தை வைத்து எழுதினால் இது ஐரோப்பியரின் சோகக் கதையாக முடியும். எண்ணிக்கைப் பட்டியலுக்குத் திரும்பிப் போய், பிரிவுவாரியாக யார் எத்தனை பேர், யாருக்கு என்ன தண்டனை, யாருக்கு ஓய்வூதியம் மிஞ்சியது என்று எழுதிப் பார்த்தால்தான் கதை நேராகும்.

செய்தித்தாள்கள்

ஹாங்காங் பொது நூலகங்களின் இணையத் தொகுப்பில் டெய்லி பிரஸ், சைனா மெயில், ஹாங்காங் டெலிகிராஃப் பக்கங்கள் கிடைக்கின்றன. தேடுபொறியை நம்பாதீர்கள், மங்கிய அச்சை இயந்திரம் தப்பும் தவறுமாகப் படித்திருக்கும். சீனப் பெயர்களுக்கு ஒரே வாரத்தில் மூன்று எழுத்துக்கோவை வரும். தேதியை வைத்து நேரடியாகப் பக்கத்தைத் திறந்து, மாஜிஸ்திரேட் கோர்ட்டுச் செய்திகளைப் படியுங்கள். நம் ஊர்ப் பத்திரிகை கோர்ட்டுச் செய்தி மாதிரிதான்: யார் பிடிபட்டார், எந்தத் தெரு, எத்தனை டாலர் அபராதம், யார் அபராதத்தை உடனே கட்டினார்.

அந்தக் கடைசி விவரம் முக்கியம். ஏதோ ஒரு கூலிக்காரன் பெரிய அபராதத்தை மறுபேச்சில்லாமல் அங்கேயே கட்டினால் அது அவன் பணம் இல்லை. வீட்டு நிஜ முதலாளி வெளியே இருக்கிறார், சிறைக்குப் போக ஆள் வைத்திருக்கிறார். ஒரே தெரு எண் திரும்பத் திரும்ப வருகிறதா, ஒவ்வொரு முறையும் வேறு பெயரா என்று குறித்துக்கொண்டே வாருங்கள்.

பத்திரிகைகளின் குணமும் தெரிந்திருக்க வேண்டும். டெலிகிராஃபைத் தொடங்கிய ராபர்ட் ஃபிரேசர்-ஸ்மித் அவதூறு வழக்கில் சிறைக்கே போனவர், அந்தத் தாளின் தொனியை அதை வைத்து எடைபோடுங்கள். சீனம் தெரிந்தவர்கள், அல்லது தெரிந்த நண்பர் உள்ளவர்கள், 1870களில் தொடங்கிய சீன நாளிதழ்களையும் பாருங்கள். ஆங்கிலத் தாள் போலீஸின் மானம் பற்றிக் கவலைப்படும்போது சீனத் தாள் யாருக்காகக் கவலைப்பட்டது என்று பார்ப்பது நல்ல கேள்வி.

தெருப் பெயரில் ஒரு எச்சரிக்கை. 1894ல் பிளேக் வந்தபின் தைப்பிங்ஷான் பகுதியின் பெரும்பங்கை அரசு கையகப்படுத்தி இடித்தது. அதற்கு முந்தைய ஒரு முகவரியை இன்றைய வரைபடத்தில் தேடினால் பூங்காதான் கிடைக்கும். அந்தந்தக் காலத்து வரைபடத்தை வைத்துக்கொண்டுதான் தெருக்களை அடையாளம் காண வேண்டும். மத்திய போலீஸ் நிலையம், மாஜிஸ்திரேட் கோர்ட்டு, சிறை மூன்றும் ஹாலிவுட் ரோட்டுப் பக்கம் ஒரே வளாகத்தில் இன்றும் இருக்கின்றன, 2018 முதல் தாய் குன் என்ற பெயரில் கலை மையமாக. அங்கிருந்து ஷியுங் வான் சந்துகள் நடந்துபோகும் தூரம்தான். போலீஸ் தலைமையகத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இது நடந்தது என்பதை வரைபடத்தில் ஒரு முறை அளந்து பாருங்கள்.

சீருடை போடாதவர்கள்

போலீஸ் ஊழல் என்றதும் போலீஸை மட்டும் தேடுவது பெரிய ஓட்டை. ஆங்கிலம் பேசும் அதிகாரிக்கும் கான்டோனீஸ் பேசும் ஊருக்கும் நடுவில் நின்றவர்கள் மொழிபெயர்ப்பாளர்களும் துப்புக் கொடுப்பவர்களும். பணம் போகும் வழியும் அதுவே.

டேனியல் கால்டுவெல் என்பவரின் கதையை இதற்காகவே படிக்கலாம். சீன மொழி சரளமாகப் பேசத் தெரிந்த ஐரோப்பியர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய காலத்தில் அவருக்கு அது தெரிந்திருந்தது. அதை வைத்தே உயர்ந்து, சீனர்களின் பாதுகாவலர் என்ற பதவி வரை போனார். 1857ல் மா சௌ வோங் என்ற துப்புக்காரன் கடற்கொள்ளையருடன் கூட்டு என்று தண்டிக்கப்பட்டு, போர்னியோ பக்கத்தில் உள்ள லபுவான் தீவுக்கு அனுப்பப்பட்டான், அவனுக்கும் கால்டுவெல்லுக்கும் இருந்த நெருக்கம் வெளியே வந்தது. அட்டர்னி ஜெனரல் ஆன்ஸ்டி அவர்மேல் குற்றம் சாட்டினார், விசாரணை மேல் விசாரணை நடந்தது, 1860களின் தொடக்கத்தில் கால்டுவெல்லின் பதவி போனது. மக்டொனல் காலத்தில் உரிமம் பெற்ற சூதாட்ட வீட்டுக்காரர்கள் தங்கள் ஆலோசகராக யாரை வேலைக்கு வைத்தார்கள் தெரியுமா? அதே கால்டுவெல்லை. அரசும் குற்றவாளிகளைப் பிடிக்க அவர் உதவியை நாடியது. அவரை எந்தப் பட்டியலில் எழுதுவீர்கள்?

இதோடு, சீன வியாபாரிகள் பணம் போட்டு 1866ல் தொடங்கிய வட்டாரக் காவலர் படை என்று ஒன்று உண்டு. போலீஸ் தலைவரின் கீழ் இல்லை, சீனர் விவகாரங்களைப் பார்த்துக்கொண்ட பதிவாளர் நாயகம் என்ற அதிகாரியின் கீழ். ஒரே தெருவை இரண்டு படை காவல் காத்தது என்றால், ஒன்று கண்டதை மற்றொன்று ஏன் காணவில்லை என்று கேட்கலாம்.

இன்னொரு கறுப்புத் துளை: நாடுகடத்தல். 1882 சட்டத்தின்படி ஆளுநர், தன் நிர்வாக சபையோடு சேர்ந்து, வழக்கு விசாரணை இல்லாமலே ஒருவரைக் காலனியை விட்டு அனுப்ப முடியும். சூதாட்ட வீட்டுக்காரனைக் கோர்ட்டில் நிறுத்தினால் அவன் யாருக்குக் கொடுத்தேன் என்று பேசுவான், நாடுகடத்தினால் பேசமாட்டான். எல்லா நாடுகடத்தலும் வாயை மூடத்தான் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு பெயர் திடீரென்று ஆவணத்தில் இருந்து மறைந்தால் முதலில் நாடுகடத்தல் உத்தரவுகளைப் பாருங்கள்.

எழுத உட்காரும் முன்

ஒரு விரிதாள் போதும். தேதி, இடம், யார் கொடுத்ததாக, யாருக்கு, எவ்வளவு, எந்த ஆவணம், எந்தப் பக்கம். கடைசியில் ஒரு நெடுவரிசை சேருங்கள்: எவ்வளவு உறுதி. கோர்ட்டில் நிரூபணமானது ஒரு நிறம், துறை விசாரணையில் தண்டிக்கப்பட்டது வேறு நிறம், கணக்கில் பெயர் மட்டும் இருப்பது வேறு, பத்திரிகை வதந்தி வேறு. எழுதும்போது இந்த நான்கையும் கலந்துவிடுவதுதான் பலருக்கும் நடக்கும் விபத்து. பெயர் மட்டும் உள்ளவரை லஞ்சம் வாங்கியவர் என்று எழுதிவிட்டால், செத்தவர் வழக்குப் போடமாட்டார்தான், ஆனால் அது பொய்யாகவும் இருக்கலாம்.

1970களின் கதையை 1897க்குள் இறக்குமதி செய்யாதீர்கள். பீட்டர் காட்பர் என்ற மூத்த போலீஸ் அதிகாரி 1973ல் தப்பி ஓடியதும், 1974ல் ஊழல் தடுப்புக்குத் தனி ஆணையம் வந்ததும் பிரபலம். ஹாங்காங்கில் எதைத் தொட்டாலும் பேச்சு அங்கே போய் நிற்கும். அது மக்கள்தொகையும் பணமும் பல மடங்கு பெருத்துவிட்ட வேறொரு நகரம். ஒப்பிடுங்கள், தவறில்லை. 1898 சட்டத்துக்குப் பிறகு விசாரிக்கும் பொறுப்பு யாரிடம் இருந்தது என்பதை மட்டும் ஒரு கோடாக இழுத்துக்கொண்டு போனால் ஒப்பீடு உருப்படும்: முக்கால் நூற்றாண்டு, போலீஸ் ஊழலை விசாரித்ததும் போலீஸேதான்.

எங்கே தொடங்குவது என்று இன்னும் தயங்கினால், 1893 முதல் 1899 வரை ஏழு போலீஸ் ஆண்டறிக்கைகளை இறக்கிக்கொண்டு, சூதாட்டப் பத்தியை மட்டும் ஏழு வரிகளில் எழுதுங்கள். எந்த வருடத்தில் எண்ணிக்கை முரண்டு பிடிக்கிறதோ அந்த வருடத்தின் செய்தித்தாளைத் திறங்கள். அதன்பின் 1872ல் வந்த போலீஸ் கமிஷன் அறிக்கை. 1897ல் எல்லோரும் அதிர்ச்சி அடைந்ததாகக் காட்டிக்கொண்ட விஷயங்களில் எவை கால் நூற்றாண்டுக்கு முன்பே அரசுக்குத் தெரிந்திருந்தன என்று பட்டியல் போட அது உதவும்.